பத்தடி வடக்கே

ஏப்ரல் 8

மூடுபனி. காலை ஐந்தரைக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பினேன். பார்த்த பறவை பூஜ்யம். பார்த்த புல் வேண்டிய மட்டும்.

தொப்பிமேட்டுக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள். கொடைக்கானலுக்கு மேலே, பஸ் நிற்கும் கடைசி ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் மொட்டைப் புல்மேடு. வனத்துறையின் பழைய காவல் முகாமில் ஓர் அறை எனக்கு, ஓர் அறை காவலர் குழந்தைவேலுக்கு, நடுவில் அடுப்பு. வெயிலுகந்தாள் என்று எனக்குப் பெயர் வைத்த என் அம்மா சாத்தூரில் வெயிலில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் தேடி வந்தது நீலகிரி நெட்டைக்காலி. பெயரைக் கேட்டால் கொக்கு உயரம் இருக்கும் என்று தோன்றும். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காய்ந்த புல்லின் நிறம், முதுகில் கறுப்புக் கீற்று. உயரமான மலைப் புல்வெளியில்தான் வாழும். தரையிலேயே, புல் தூருக்குள் கூடு வைக்கும். மெல்லிசாக ஒரு பாட்டு பாடும், காற்றடித்தால் அதுவும் கேட்காது.

இந்த மேட்டைச் சுற்றிச் சீகை மரம் ஏறிக்கொண்டே வருகிறது. வெளிநாட்டு மரம், எப்போதோ யாரோ நட்டது, இப்போது புல்லைத் தின்கிறது. வருகிற ஜனவரியில் அதை வெட்டிப் புல்லை மீட்கப் போகிறார்கள். ஆனால் ஒரு மலைக்குத்தான் ஆள் இருக்கிறது. தொப்பிமேடா, அந்தப் பக்கத்து மேடா என்று ஜூலையில் ஒரு குழு முடிவு செய்யும். நெட்டைக்காலி இங்கே குஞ்சு வளர்க்கிறது என்று நான் காட்டினால் தொப்பிமேடு. காட்டாவிட்டால் இன்னும் பத்து வருஷத்தில் இங்கே புல்லும் இருக்காது, நெட்டைக்காலியும் இருக்காது.

கால் இரண்டும் ஈரம். அட்டைக்கடி மூன்று.

ஏப்ரல் 20

கிடைத்துவிட்டது! மேற்குச் சரிவில், ஒரு புல் தூருக்கு அடியில் கிண்ணம் மாதிரி கூடு. மூன்று முட்டை, பழுப்புப் புள்ளி. எழுதும் அவசரத்தில் பேனா இரண்டு தடவை விழுந்தது.

முறைப்படி எல்லாம் செய்தேன். கூட்டிலிருந்து சரியாகப் பத்தடி வடக்கே ஒரு மூங்கில் குச்சி, நுனியில் ஆரஞ்சு ரிப்பன். இது இல்லாவிட்டால் மூன்று நாள் கழித்து வரும்போது கூட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாப் புல்லும் ஒரே புல். ரிப்பனைப் பார், பத்தடி தெற்கே போ, குனி, எழுது, கிளம்பு. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள்.

சீகை மரத்தில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்து ஓயாமல் கத்தியது. கல்லை எடுத்து எறிந்தேன். என் குறி அந்தக் காலத்திலேயே மோசம்.

இரவு ரசம் வைத்தேன். குழந்தைவேல் அண்ணன் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "பூண்டு பத்தல மேடம்" என்றார். ஊரில் பூண்டும் பயிரிடுகிறவர், அவருக்கு எதிலும் பூண்டு பத்தாது.

ஏப்ரல் 29

கூடு காலி. ஓட்டுச் சில்லு ஒன்று மட்டும் கிடந்தது.

ஏப்ரல் 30

துணி துவைத்தேன். காயவில்லை.

மே 9

இரண்டாவது கூடு. வடக்குச் சரிவு, இரண்டு முட்டை. குச்சி நட்டாயிற்று. இந்தத் தடவை மூன்று நாளுக்கு ஒருமுறை இல்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பார்ப்பேன். கண்ணை எடுக்கப் போவதில்லை.

அம்மா போன் செய்தாள். "இன்னுமா அந்தக் குருவியவே பாத்துக்கிட்டிருக்க? மயிலு, கிளின்னாலும் நாலு பேர்ட்ட சொல்லிக்கலாம்." எனக்கு வந்த கோபத்தில் டவர் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

மே 18

அதுவும் போயிற்று.

நேற்று இங்கே சுற்றுலாக்காரர்கள் ஏழு பேர் ஏறி வந்து பாட்டுப் போட்டு ஆடினார்கள். சிப்ஸ் பாக்கெட்டை நான்தான் பொறுக்கினேன். இவர்கள் வந்து போன இடத்தில் எந்தப் பறவை உருப்படும்? குழந்தைவேல் அண்ணன், "அவங்க அந்தச் சரிவுக்கே வரலையே மேடம், மேலயேதான் நின்னாங்க" என்றார். அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று தெரியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் ஆவுடையப்பன் பேசினார். என்னை இந்த வேலைக்கு எடுத்தவர், அறிக்கை அவர் வழியாகத்தான் குழுவுக்குப் போகும். "ரெண்டு கூடு, ரெண்டும் தோல்வி. அந்த மேடு சரிப்படாத இடமோ என்னமோம்மா. இல்லாததை நாம இருக்குன்னு எழுத முடியாதே" என்றார். சரிப்படாத இடமாம். இவர் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். இதற்கு முன் நான் பார்த்த வேலையும் இப்படித்தான் தோல்வியில் முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மே 27

மூன்றாவது கூட்டில் முட்டை பொரித்துவிட்டது! போன வாரம் கண்டுபிடித்த கூடு. இன்று இரண்டு குஞ்சு, கண் திறக்கவில்லை, உடம்பில் நாலு மயிர். அசிங்கத்திலும் அசிங்கம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குழந்தைவேல் அண்ணனுடைய நாய் ராக்கு கூடவே ஓடி வந்தது. "நாயை ஊரில் விட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நான் மேலே எழுதுவேன்" என்றேன். அவர் நாய்ச் சங்கிலியைத் தேடி எடுத்தார். மத்தியானம் இரண்டு மணி நேரம் நடந்து போய்த் தன் தங்கச்சி வீட்டில் கட்டிவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்.

இனிமேல் தினமும் போகப் போகிறேன்.

ஜூன் 3

குஞ்சு இரண்டும் இல்லை.

நாய் இல்லை, சுற்றுலாக்காரன் இல்லை, மழைகூட இல்லை. நேற்று மாலை ஐந்து மணிக்கு வாயைத் திறந்துகொண்டு இருந்தன. இன்று காலை ஏழு மணிக்குக் கூடு சுத்தமாக இருந்தது. தாய்ப் பறவை வாயில் ஒரு பச்சைப் புழுவோடு புல்லில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அந்தப் புழுவை வைத்துக்கொண்டு நடந்தது என்று எழுத வேண்டும். எழுதவில்லை. பார்க்க முடியாமல் வந்துவிட்டேன்.

முகாமில் குழந்தைவேல் அண்ணன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "ஆபீசர் வந்துட்டுப் போயிருப்பாரு மேடம்" என்றார்.

"எந்த ஆபீசர்?"

"அந்த அண்டங்காக்காதேன். றெக்கையில ஒரு இறகு இல்லாம இருக்கும்ல, அது. நீங்க கிளம்புனா கிளம்பும், நீங்க திரும்புனா நீங்க நின்ன எடத்துல எறங்கிப் பாக்கும். இன்ஸ்பெக்சன் பண்ற மாதிரி. அதான் ஆபீசருண்டு பேரு வச்சேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குஞ்சு செத்த அன்றைக்கா விளையாட்டு என்று கத்தினேன். கத்தியது மட்டும் இல்லை, தட்டையும் தூக்கிப் போட்டேன். உருளைக்கிழங்கெல்லாம் உருண்டு அடுப்படிக்குப் போயிற்று. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஜூன் 5

மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 6

மழை. ஸ்டவ் அடைத்துக்கொண்டது, குத்திச் சரிசெய்தேன். தரவுத் தாளைப் பிரதி எடுத்தேன். கூடு ஒன்று: மூன்று நாளுக்கு ஒருமுறை பார்வை, ஒன்பது நாள் நீடித்தது. கூடு இரண்டு: ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்பது நாள். கூடு மூன்று: குஞ்சு பொரித்த பிறகு தினமும் பார்வை, ஏழு நாள். தற்செயலாக இருக்கும். சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 8

காக்கை ஒரு மனுஷியைக் கவனித்து எதைக் கண்டுபிடிக்கும்? ஒன்றும் கண்டுபிடிக்காது. நாளைக்கு இதை நிரூபித்துக் குழந்தைவேல் அண்ணன் வாயை அடைத்துவிட்டு மறு வேலை பார்க்கிறேன்.

ஜூன் 9

காலை ஆறரை. மழை விட்டிருந்தது. கூடே இல்லாத ஓர் இடத்துக்குப் போனேன். அது வெறும் புல் என்று எனக்குத் தெரியும், முந்தின நாளே தடவித் தடவிப் பார்த்திருந்தேன். புதுக் குச்சி, புது ரிப்பன் நட்டேன். பத்தடி தெற்கே நடந்தேன். குனிந்தேன். வழக்கம்போல நோட்டில் கிறுக்கினேன். வழக்கம்போலத் திரும்பி நடந்து, பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பதினொரு நிமிஷம். காக்கை சீகை மரத்திலிருந்து இறங்கியது. நேராக ரிப்பன் குச்சியின் அடியில் நின்றது. குச்சியைச் சுற்றித் தேடவில்லை. தெற்கே திரும்பி நடந்தது. தத்தித் தத்தி, அவசரமே இல்லாமல், பத்தடி. அங்கே நின்று புல்லை அலகால் இடமும் வலமும் விலக்கிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. பிறகு மறுபடியும் குச்சிக்குப் போய், மறுபடியும் பத்தடி நடந்து வந்தது.

நான் ஈரப் புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஜூன் 10

நான்தான்.

ஜூன் 11

காலையில் குழந்தைவேல் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். நாய்க்கும் தட்டுக்கும் சேர்த்து. "அட விடுங்க மேடம், தட்டு என்ன ஒடைஞ்சா போச்சு" என்றார். காக்கை செய்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நான் சும்மா கேலிக்குத்தேன் மேடம் சொன்னேன். இம்புட்டு விவரமாண்டு எனக்கும் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டனா?" என்று தலையைச் சொறிந்தார்.

பிறகு கொஞ்ச நேரம் விறகை இப்படியும் அப்படியும் அடுக்கினார்.

"மேடம், ஒண்ணு சொல்லவா? வைவீங்க."

"சொல்லுங்க."

"இன்னொரு கூடு இருக்கு. விறகுக்குப் போறப்ப பாத்தேன். போன மாசக் கடைசியில ஒரு குருவி புல்லு தூக்கிக்கிட்டுப் போச்சு, இப்ப ஒண்ணு உள்ளயே உக்காந்துருக்கு. சொன்னா நீங்க மறுபடி மனசொடிஞ்சு போவீங்கண்டு சொல்லல. அது எங்கிட்டுண்டா..."

"வாயை மூடுங்கண்ணே!"

கத்தியதில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கே என்று தெரிந்தால் நான் போகாமல் இருப்பேனா? மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். தூரத்திலிருந்து மட்டும் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பேன், தூரம் நாளுக்கு நாள் குறையும். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று அந்தக் காக்கையும் பார்க்கும்.

"எந்தச் சரிவுக்கு நான் வரக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க."

"கிழக்க வராதீங்க" என்றார்.

ஜூன் 13

காக்கையைக் கிழக்கே போக விடாமல் மேற்கிலேயே பிடித்து வைக்கும் வேலை தொடங்கியது. மேற்குச் சரிவில், கூடு இல்லாத இடங்களில் ஐந்து குச்சி. காலை ஆறு முதல் பதினொன்று, மாலை மூன்று முதல் ஆறு. நடக்கிறேன், குனிகிறேன், எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன்? மளிகைச் சாமான் பட்டியல். காக்கை வந்தது.

ஜூன் 15

ஒன்றும் கிடைக்காவிட்டால் காக்கை எத்தனை நாளைக்கு என்னை நம்பும்? இன்று என் அவித்த முட்டையில் பாதியை இரண்டாவது குச்சிக்குப் பத்தடி தெற்கே வைத்தேன். தின்றது. இது சரியா தப்பா என்று கேட்டால், தப்புதான். அடுத்த வருஷம் இந்தக் காக்கை இன்னும் தெனாவெட்டாக இருக்கும். இதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

ஜூன் 17

முட்டை, பாதி. காக்கை வந்தது.

ஜூன் 18

காற்று. குடை போயிற்று. காக்கை வந்தது.

ஜூன் 20

இத்தனை நாள் எந்தக் காக்கையைக் கல்லால் அடித்தேனோ அது பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் சீகை மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழக்கே போயிருக்குமோ என்று நினைத்து நினைத்து நகத்தைக் கடித்துத் துப்பினேன். எட்டு பதினேழுக்கு வந்தது. "ஏன் லேட்டு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். வருஷக்கணக்காகப் படித்து ஒரு பறவையைத் தேடி வந்தவள், கடைசியில் ஒரு காக்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். கேவலமாக இருக்கிறது.

ஜூன் 22

ஆவுடையப்பன் சார் பேசினார். குஞ்சின் படம் ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்கிறார். குழுவில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்களாம். ஒரே ஒரு படம். கிழக்குச் சரிவு நான் படுக்கும் அறையிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது.

போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைவேல் அண்ணன் வெளியே உட்கார்ந்து பீடி பிடித்தார். காவலுக்கு உட்கார்ந்தாரா, தற்செயலா, கேட்கவில்லை.

ஜூன் 26

காய்ச்சல். போனேன். காக்கை வந்தது.

ஜூன் 30

மாலை முகாமுக்கு வந்ததும் குழந்தைவேல் அண்ணன் போனில் ஒரு படம் காட்டினார். ஓடையோரப் பாறை. பாறைமேல் இரண்டு அழுக்குப் புள்ளி. "வாலு இம்புட்டுக்காண்டு இருக்கு மேடம். தத்தித் தத்திப் பறக்குது. தாய் வந்து ஊட்டிச்சு. நான் கிட்டப் போகல, சாமி சத்தியமா தூரத்துல நின்னுதேன் எடுத்தேன்."

படத்தைப் பெரிதாக்கினேன். அழுக்கு பெரிதாயிற்று.

"நல்லாத் தெரியுதா மேடம்?"

"நல்லாத் தெரியுதுண்ணே" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்ன செய்வது என்று தெரியாமல், "பூண்டு ரசம் வைக்கவா?" என்றார்.

ஜூலை 3

அறிக்கையை அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று கூடும் அழிந்தது மேட்டின் குறையால் இல்லை, நான் நட்ட குச்சியாலும் என் நடமாட்டத்தாலும். ஜூன் ஒன்பதாம் தேதிச் சோதனை. முட்டை வைத்தது. குழந்தைவேல் பார்த்தது, அவர் பெயரோடு.

அரை மணியில் சார் கூப்பிட்டார். "காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாமேம்மா. அது பொய்யா? உண்மைதானே?"

"உண்மைதான் சார். ஆனா அந்த ஒரு வரியைப் படிச்சா, இது காக்கா பெருத்துப் போன மேடு, விட்டுடலாம்னு முடிவு பண்ணிடுவாங்க."

"நீ காக்காவுக்கு முட்டை அவிச்சு வெச்சதையுமா எழுதுவ? நாளைக்கு உனக்கு யாரு வேலை குடுப்பா?"

தெரியாது என்றேன். அவர் திட்டி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். கடைசியில், "சரி, அனுப்பி வைக்கிறேன், கூட்டத்துக்கு நீயே வந்து பதில் சொல்லு" என்றார்.

ஜூலை 10

கொடைக்கானலில் கூட்டம். பதினோரு பேர், நடுவில் முறுக்கும் டீயும். குழந்தைவேல் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குழந்தைவேல் எடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதுல எனக்கு ரெண்டு கல்லுதான் தெரியுது. நாலு மாசம் அங்க இருந்திருக்கீங்க. குஞ்சு பறந்ததை நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

"இல்லை சார்."

"ஒரு தடவைகூட?"

"நான் பாத்த மூணு கூடும் அழிஞ்சுபோச்சு சார். பாக்காத ஒண்ணு பிழைச்சது. நான் பாக்கப் போகாததனாலதான் அது பறந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அந்த ஜூன் ஒன்பதாம் தேதிப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தார். "பத்தடிதானா? அளந்து பாத்தீங்களா?" என்றார். டேப் வைத்து அளந்தேன், ஒன்பதடி எட்டு அங்குலம் என்றேன். பிறகு குழந்தைவேலைப் பார்த்து, "நீங்க பாத்தது இதேதானா?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வால் நீளத்தைக் கட்டைவிரலில் காட்டினார். தாய் என்ன ஊட்டியது, எத்தனை தடவை, குஞ்சு எந்தப் பக்கம் தாவியது எல்லாம் சொன்னார். ஐந்து நிமிஷம் யாரும் முறுக்கைத் தொடவில்லை.

"இனிமே என்ன செய்யணும்ங்கறீங்க?" என்று கண்ணாடிக்காரர் என்னைக் கேட்டார்.

"மரத்தை வெட்டுங்க. கூடு வைக்கிற மாசத்துல யாரையும் உள்ள விடாதீங்க. எங்களையும் சேர்த்துத்தான்."

கடிதம் வரும் என்றார்கள்.

ஆகஸ்ட் 19, சாத்தூர்

காலையிலேயே நல்ல வெயில். மொட்டை மாடியில் இருந்தபோது குழந்தைவேல் அண்ணன் கூப்பிட்டார். முகாமுக்கு உத்தரவு வந்துவிட்டதாம். எழுத்துக் கூட்டி வாசித்தார். ஜனவரியில் தொப்பிமேட்டில் சீகை வெட்டு ஆரம்பம். அதற்கடுத்த வரி, ஏப்ரல் முதல் ஜூலை முடிய புல்மேட்டுக்குள் எவரும் நுழையக் கூடாது, ஆய்வாளர்கள் உட்பட.

"யாரு மேடம் அந்த ஆய்வாளர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பின்னால் ராக்கு குரைக்கும் சத்தம் கேட்டது.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அம்மா வடகத் துணியை விரித்துக்கொண்டே, "என்னடி, வேலை போச்சா?" என்றாள். வேலை எப்போதோ போய்விட்டது, அதற்கு இல்லை என்றேன்.

"பெறகு எதுக்கு?"

அந்தக் குருவி பிழைச்சுக்கிடும்மா என்றேன். அதற்கு யாராவது அழுவார்களா என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப் போகிறது? நான்கு மாதம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். இறகு முளைத்த நெட்டைக்காலிக் குஞ்சு எப்படி இருக்கும், முதல் தடவை எப்படித் தாவும், எனக்குத் தெரியாது. இனிமேல் போய்ப் பார்க்கவும் முடியாது, என் வாயாலேயே கேட்டு வாங்கிய உத்தரவு.

நல்லா இருக்கட்டும், சனியன்.